வேகமாக வேண்டாத கம்ப்யூட்டர்

கோச்சடையிலிருந்து கோரிப்பாளையம் போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். மூத்தவரின் மடியில், துண்டு சுற்றிய ஒரு பழைய கம்ப்யூட்டரின் சி.பி.யு.

"இத வேகமாக்கிக் குடுத்துட்டா எனக்கு வம்பாப் போயிரும்டி" என்றார் அவர். நான் ஹெட்ஃபோனைக் கழற்றினேன்.

"என்னக்கா சொல்றீங்க? அண்ணன் ரிப்பேருக்குத்தான குடுத்து விட்டாரு?"

"ஆமா, தெறக்க அம்புட்டு நேரமாகுதாம். சாயங்காலம் வந்ததும் சுவிட்சப் போட்டுட்டு, சும்மா இருக்க மாட்டாம அடுப்படிக்கு வருவாரு. வெங்காயம் உரிச்சுக்கிட்டே ரெண்டு வார்த்த பேசுவாரு. அது தெறந்துருச்சுன்னா அதுலயே சீட்டாட உக்காந்துருவாரு. அப்புறம் சோத்துக்குத்தான் எந்திரிப்பாரு."

"அண்ணனா? வெங்காயமா?"

"சின்ன வெங்காயம்டி. கண்ணுல தண்ணி வடிய வடிய உரிப்பாரு."

ஹார்ட் டிஸ்க்கை மாற்றினால் சட்டென்று திறந்துவிடும் என்று எனக்குத் தெரியும். ஹெட்ஃபோனைப் பைக்குள் வைத்தேன்.

"அப்ப கடையில என்ன சொல்லப் போறீங்க?"

"தூசிய மட்டும் தட்டிக் குடுங்கண்ணேன்னு சொல்லுவேன். அவரு கேட்டா, பழைய மெஷினு, இம்புட்டுத்தான் முடியுமாம்னு சொல்லிர வேண்டியதுதான்."

கோரிப்பாளையம் வந்தது. இளையவர் ஒரு பக்கம் தாங்கிப் பிடிக்க, மூத்தவர் எழுந்துகொண்டே கேட்டார்.

"ஏன்டி, இன்னுங் கொஞ்சம் மெதுவாக்க முடியுமா? வெங்காயத்தோட நின்னுருது. பூண்ட நாந்தான் உரிக்கிறேன்."