யாரும் சொல்லாத தெரு

“எல்லாரும் சேர்ந்து எதைச் சொல்லாம விட்டாங்களோ, அதைத்தான் மொதல்ல தேடணுமாம் மச்சான்.”

கடலூர்–சிதம்பரம் பேருந்தில் என் முன்சீட்டுப் பையன் நண்பனிடம் சொன்னான். அவன் மடியில் ஒரு வரலாற்றாசிரியரின் கட்டுரைத் தொகுப்பு.

“புரியற மாதிரி சொல்லுடா.”

“இத எழுதினவரு, நான் பொறக்கறதுக்கு முன்ன வந்த கொள்ளிடம் வெள்ளத்தப் பத்தி எங்க ஊர்ல வீடு வீடா கேட்டிருக்காரு. தண்ணி பூந்த தெரு எல்லாத்தையும் சொன்னவங்க, மாதாகோயில் தெருவ மட்டும் சொல்லவே இல்ல.”

“அங்க தண்ணி வரலையோ என்னவோ.”

“நாங்க அந்தத் தெருதான். வீட்டுச் சுவத்துல தண்ணிக்கறை என் கழுத்துக்கு மேல இருக்கு. கேட்டா அப்பா எழுந்து வெளிய போயிடுவாரு.”

நண்பன் குரலைத் தாழ்த்தினான். “விட்டுருடா.”

“இன்னைக்கு அத்தைகிட்ட கேக்கப்போறேன். அப்பா இல்லாதப்ப.”