எரியாத மருந்து

கோட்டு சூட்டு தைப்பவன் பார்க்க நன்றாக இருக்க வேண்டும். அழகு சோறு போடாது என்பார்கள். எனக்கு முப்பத்தைந்து வருஷமாகப் போட்டது. என் கடையில் மூன்று பக்கமும் நிலைக்கண்ணாடி. அளவு கொடுக்க வந்தவர்கள் தங்களைவிட என்னைத்தான் அதிகம் பார்த்தார்கள். அதை நான் ரசித்தேன். அதில் என்ன தப்பு என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை, மேடம்.

ஒருநாள், மகள் கல்யாணத்துக்குக் கோட்டு தைக்க வந்த ஒருவர், "பெரியவரே, கொஞ்சம் சீக்கிரம் குடுத்துடுங்க" என்றார். பெரியவராம். கண்ணாடியைப் பார்த்தேன். தாடைக்குக் கீழே தோல் தொங்கியது, தைத்து முடிக்காத காலர் மாதிரி. அவர் கோட்டின் ஒரு தோளை வேண்டுமென்றே சற்று இறக்கித் தைத்துக் கொடுத்தேன்.

வீட்டில் என் மனைவி மட்டும் மாறவில்லை. அவளுக்குக் கண்ணில் புரை, கூடவே கண் அழுத்தமும். "கல்யாணத்தன்னைக்கு வந்து நின்னீங்களே, இன்னும் அப்படியேதான் இருக்கீங்க" என்பாள். மங்கலான இடத்தையெல்லாம் பழைய ஞாபகத்தை வைத்து நிரப்பிக்கொண்டாள். எனக்கென்று மிச்சமிருந்த நல்ல கண்ணாடி அது ஒன்றுதான்.

கண் டாக்டர் அதைக் கெடுக்கப் பார்த்தார். இரண்டு வேளையும் சொட்டு மருந்து விட்டு முதலில் அழுத்தத்தைக் குறைப்போம், பிறகு புரையை எடுத்துவிட்டால் ஊசியில் நூல்கூடக் கோப்பாள் என்றார். மருந்தை நிறுத்திவிட்டால் பார்வை போய்விடும், போனது திரும்பாது என்றும் சொன்னார். எனக்குப் புரியவில்லை என்று எழுதிவிடாதீர்கள். நன்றாகப் புரிந்தது.

ஒரு வாரம் ஒழுங்காக விட்டேன். எட்டாம் நாள் குப்பியின் மூக்கைக் கழற்றி மருந்தைக் கொட்டிவிட்டு, கொதித்து ஆறின தண்ணீரை நிரப்பினேன். கொதிக்கவைத்ததைக் கவனியுங்கள். அவள் கண்ணில் கிருமி போய்விடக் கூடாதே. அழுத்தம் குறையவில்லை என்று டாக்டர் இரண்டு தடவை வேறு மருந்து எழுதினார். அவற்றையும் கொட்டினேன். பதினான்கு மாதம், ஒரு வேளை தவறாமல், அவள் தலையை மடியில் வைத்து நானே சொட்டு விட்டேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் என்னைக் காட்டித் தங்கள் கணவன்மாரோடு சண்டை போட்டார்கள்.

வெளியூரிலிருந்து மகள் வந்தபோது பார்வை முழுசாகப் போயிருந்தது. மருந்து எரியுமா என்று அம்மாவிடம் கேட்டாள்.

"மொத வாரம் எரிஞ்சுதும்மா. அப்புறம் எரியவேயில்ல. அப்பா கை பழகிடுச்சுன்னு நெனச்சேன்."

மகள் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் குப்பியை எடுத்துக்கொண்டு உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தாள்.

வருத்தம் இல்லையா என்கிறீர்கள். எதற்கு? ஊரில் மற்ற பெண்களெல்லாம் கிழவனோடு குடித்தனம் நடத்துகிறார்கள். என் மனைவிக்கு மட்டும் சாகும்வரை இளைஞன்தான் புருஷன். அந்தப் பாக்கியத்தைக் கொடுத்தது நான். நேற்றுகூட என் முகத்தைத் தடவிப் பார்க்கக் கை நீட்டினாள். நான் விலகிக்கொண்டேன்.

எழுதினது எல்லாம் சரி, கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு இடம் மட்டும் திருத்த வேண்டும். வயது அறுபத்திரண்டு என்று போட்டிருக்கிறீர்கள். என்னைப் பார்த்துச் சொல்லுங்கள், மேடம், அப்படியா தெரிகிறது?