ஓடவில்லை என்று எழுதிய ஜெனரேட்டர்

நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, இன்ஸ்பெக்டர் ஐயா. அட்டையை நாலாக மடித்து அடியில் வைத்தால் ஆடாது. கண்ணெதிரே ஒன்று கோணலாக இருந்தால் எனக்குப் பேச வராது.

என் பெயர் ஒயேவொலே. பதினோரு வருடமாக அரசாங்கத்தின் ஜெனரேட்டர் கணக்கெடுப்பில் இருக்கிறேன். ஒக்போமோஷோ ஊரில் எந்தக் கடையில், எந்த மருத்துவமனையில் ஜெனரேட்டர் இருக்கிறது, அது ஓடுகிறதா இல்லையா என்று படிவத்தில் எழுதுவது என் வேலை. ஓடவில்லை என்று எழுதினால் மருத்துவமனைக்கு அரசாங்கம் புதிதாக ஒன்று தர வாய்ப்புண்டு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றவர்கள் கதவு கதவாகத் தட்டி, வரி போட வந்தவன் என்று வசவு வாங்கிக்கொண்டு திரிவார்கள். எனக்கு அந்தத் தலையெழுத்து இல்லை. நம்மூரில் கரண்ட் போகாத நாள் ஏது? போன மறு நிமிடம் தெரு முழுக்க உறுமும். நான் சாப்பாட்டுக் கடையில் அமாலாக் களியைப் பிட்டுக்கொண்டே காதால் கணக்கெடுப்பேன். தையல்காரனுடையது சளி பிடித்த ஆடு மாதிரி இருமும். சத்தம் வராத இடத்துக்கு, ஓடவில்லை. இத்தனை வருடத்தில் என் படிவம் ஒன்றுகூடத் தப்பென்று திரும்பி வந்ததில்லை. புதிதாகச் சேருகிறவர்களுக்கு என் படிவத்தைத்தான் மாதிரியாகக் காட்டுகிறார்கள்.

மே பன்னிரண்டாம் தேதி, சந்தைத் தெருப் பிரசவ மருத்துவமனைக்கு எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கரண்ட் போயிற்று. மருத்துவமனையிலிருந்து மூச்சுச் சத்தம்கூட வரவில்லை. ஓடவில்லை என்று எழுதினேன். நீங்களும் அதைத்தான் எழுதியிருப்பீர்கள்.

ஜூன் மாதம் சரிபார்க்க மேலதிகாரி வந்தார். பத்துக்கு ஒரு படிவத்தை எடுத்து நேரில் பார்ப்பார். வியாழக்கிழமை பார்ப்பதற்கு அந்த மருத்துவமனையின் படிவம் வந்து விழுந்தது. நான் புதன்கிழமையே போய்விட்டேன்.

தலைமை நர்ஸ் அபோசெதே அம்மா சிரித்தார். “ஓடாதுன்னு எந்த மவராசன் சொன்னான்? வாங்கய்யா, காட்டுறேன்.” சாவியைத் திருப்பியதும் ஒரே பிடியில் கிளம்பியது.

“போன மாசம் பன்னெண்டாம் தேதி கரண்ட் போனப்ப ஓடலையேம்மா?”

“அன்னிக்கு ஆபரேஷன் இல்லையே. டீசல் விக்கிற விலைக்கு, காத்து வாங்கவா போடுவோம்? வயித்தைக் கிழிக்கிற அன்னிக்கு மட்டும்தான் இவரு எந்திரிப்பாரு. எங்க வீட்டுக்காரரே பரவாயில்லை, சாப்பாட்டுக்காவது எந்திரிப்பாரு. வெயில்ல வந்திருக்கீங்க, இருங்க, குளிர்ச்சியா ஏதாவது கொண்டாரேன்.”

நல்ல மனுஷி. அவர் உள்ளே போன நேரத்தில், பையில் வைத்திருந்த நாலு தண்ணீர்ப் பொட்டலங்களைப் பல்லால் கிழித்து டீசல் தொட்டியில் ஊற்றினேன். பிறகு அவர் கொண்டுவந்த பானத்தைக் குடித்துவிட்டு நன்றி சொன்னேன். படிவத்தில் ஒரு கோடு கிழித்துத் திருத்தியிருக்கலாமே என்பீர்கள். திருத்திய படிவம் தப்பான படிவம்தான், ஐயா.

மறுநாள் மேலதிகாரி முன்னால் அது கிளம்பி, திக்கி, நின்றது. அவர் என் படிவத்தில் சரி என்று குறித்தார். மெக்கானிக் திங்கட்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தான். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

சனிக்கிழமை காலை பத்து இருபதுக்குக் கரண்ட் போயிற்று. நான் எதிர்க்கடையில் இருந்தேன். ஜெனரேட்டர் கிளம்பி நின்றது. மறுபடி கிளம்பி நின்றது. நாலு தடவை எண்ணினேன். அபோசெதே அம்மா ரத்தக் கையுறையோடு தெருவுக்கு ஓடிவந்தார்.

“யாராவது ஒரு ஜெனரேட்டர் குடுங்கப்பா. அவசரம்னு உள்ள ஒரு பொண்ணை வயித்தைத் திறந்து போட்டிருக்கோம்.” பிறகு என்னைப் பார்த்துவிட்டார். “ஐயா, உங்களுக்கு இதெல்லாம் தெரியுமே. வந்து என்னன்னு பாருங்களேன். கையெடுத்துக் கும்பிடுறேன்.”

தெரியும். தொட்டியின் அடித் திருகைத் திறந்து தண்ணீரை வடித்தால் பத்து நிமிடத்தில் ஓட வைத்திருக்கலாம். ஆனால் மேலதிகாரி சாயங்கால வண்டிக்குத்தான் கிளம்புகிறார். பக்கத்துத் தெரு விடுதியில் இருந்தார். அவருக்கும் காது இருக்கிறது.

“எனக்கு எண்ணத்தான் தெரியும், ரிப்பேர் தெரியாதும்மா” என்றேன்.

தையல்காரன் தன்னுடையதைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினான். பாவம், மூச்சு வாங்க வாங்க ஓடினான். அவன் அதைப் போய் மாட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்தப் பெண்ணின் பெயர் தித்திலோபே என்று பிறகுதான் கேள்விப்பட்டேன். பத்தொன்பது வயது. குழந்தையும் பிழைக்கவில்லை. எனக்கு வருத்தம்தான். அன்று சாப்பாடு முழுதாக இறங்கவில்லை.

தண்ணீர் ஊற்றியது நான்தான். கேட்டபோது வாயை மூடிக்கொண்டதும் நான்தான். அதை எழுதிக்கொள்ளுங்கள், மறுக்கமாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியதில் ஏழாவது வரியைப் பாருங்கள். “புதன்கிழமை வரை நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டர்” என்று இருக்கிறது. அது தப்பு. மே பன்னிரண்டிலிருந்தே ஓடவில்லை. அதை அடித்துவிட்டுக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.