கல்லில் ஒரு வரி

கல் நன்றாக வந்திருக்கிறது, மிஸ்டர் டேனியல். இவ்வளவு தூரம் லாரியில் கொண்டுவந்தும் ஒரு முனைகூட உடையவில்லை. வர்ஜில் ரேன்ஸம் என்ற பெயரை எழுத்துப் பிசகாமல் செதுக்கியிருக்கிறார்கள். இறந்த வருஷமும் சரிதான். நீங்கள் செதுக்கக் கொடுத்தபோது சரியாக இல்லை, இப்போது சரியாகிவிட்டது. அதைப் பிறகு சொல்கிறேன். கடைசி வரிதான் தப்பு. 'கம்பியைப் பேசவைத்த கை இங்கே உறங்குகிறது' என்று போட்டிருக்கிறீர்கள். அந்தக் கை உறங்கவில்லை. உங்களுக்கு மோர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

அந்த ஒலிப்பதிவு மெஷினை ஓடவிடுங்கள். நாடா போதுமான அளவு இருக்கிறதல்லவா? நான் நிதானமாகப் பேசுகிறவன். இந்த ஊர்த் திருச்சபையில் பாதிரியாருக்கு அடுத்தபடியாக, டீக்கனாக இருக்கிறேன். ஹோசியா டில்மன் வாயில் பொய் வராது என்று இந்தச் சாலையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒரே ஒரு தடவை ஒரு செய்தியைக் கொஞ்சம் முந்திக்கொண்டு சொல்லிவிட்டேன். அவ்வளவுதான்.

எங்கள் காலத்து வழக்கம் ஒன்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். சனிக்கிழமை ஆட்டக் கொட்டகையில் பாடுகிறவன் பாதியில் பாட்டை நிறுத்திப் பக்கத்தில் இருப்பவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவான். 'வாசிடா இன்னார்' என்பான். கூப்பிடப்பட்டவன் வாயைத் திறக்கக் கூடாது. கிட்டார்க் கம்பியால்தான் பதில் சொல்ல வேண்டும். அப்போதுதான் கொட்டகையில் இருக்கிற பெண்களெல்லாம் அவன் பக்கம் திரும்புவார்கள். அதுவரை அவன் ஒரு நாற்காலிக்குச் சமம். வர்ஜிலுக்குக் குரல் இருந்தது, உயரம் இருந்தது, சிரித்தால் எதிரில் இருப்பவரும் சிரிக்கிற முகம் இருந்தது. எனக்கு அந்த ஒரு கூப்பாடுதான் இருந்தது. அவன் ஒவ்வொரு சனிக்கிழமையும் தவறாமல் கூப்பிட்டான். அதை மறைக்க மாட்டேன்.

பிறகு ரெக்கார்டு கம்பெனிக்காரர்கள் மெம்ஃபிஸுக்கு வந்தார்கள். ஒரு ஹோட்டல் அறையில் ஜன்னல்களில் கம்பளி தொங்கவிட்டு, மெழுகுத் தட்டில் வெளிச் சத்தம் பதியாமல் இருக்க விசிறியையும் நிறுத்தி எங்களை வேர்க்கவிட்டார்கள். 'ஈரச் சட்டை ப்ளூஸ்' என்ற பாட்டு. ஒத்திகையில் வர்ஜில் சரியாகத்தான் கூப்பிட்டான். "வாசிடா ஹோசியா" என்றான், நான் விரலில் மாட்டியிருந்த உடைந்த பாட்டிலின் கழுத்தைக் கிட்டார்க் கம்பியில் இழுத்தேன். அறையில் இருந்த வெள்ளைக்காரர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். அப்புறம் சிவப்பு விளக்கு எரிந்தது. அதே பாட்டு, அதே இடம். வர்ஜில் மூச்சை இழுத்து, "வாசிடா வர்ஜில்" என்றான்.

நான் வாசித்தேன். வேறென்ன செய்வது, தட்டு சுழன்றுகொண்டிருக்கிறது. என் ஆயுளில் அப்படி வாசித்ததில்லை. கோபத்தில் வந்தது அது. ரெயிலில் திரும்பும்போது ஏன்டா இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். அவன் கோழி எலும்பைக் கடித்துக்கொண்டே சிரித்தான்.

"தட்டு மேல எம்பேருதானடா போடப்போறாங்க. உள்ள இன்னொரு பேரு கேட்டா ஜனம் குழம்பிப்போயிடும்ல."

நானும் சிரித்தேன். எனக்கு மனதில் எதுவும் வைத்துக்கொள்ளத் தெரியாது. கிட்டாரை அந்த வருஷமே விற்றேன், சபையில் சேர்ந்தேன், ஜின்னிங் மில்லில் பருத்தி அரைக்கப் போனேன். அங்கே மெஷின் என் இடது கையில் இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டது. வர்ஜில் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, சர்க்கரை வியாதியில் கண் போய் இங்கேயே திரும்பி வந்தான். பெண்டாட்டி பிள்ளை என்று யாரும் இல்லை. பக்கத்து வீட்டில் குடிவைத்தேன். சோள ரொட்டியும் பட்டாணியும் என் அடுப்பிலிருந்துதான் போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் என் தோளில் கை வைத்துச் சபைக்கு நடப்பான். அவனுக்கு நான் செய்ததைக் கூடப்பிறந்தவன் செய்ய மாட்டான். அதையும் நாடாவில் வையுங்கள்.

அப்புறம் நீங்கள் வந்தீர்கள். என்னை 'மிஸ்டர் டில்மன்' என்று கூப்பிட்ட முதல் வெள்ளைக்காரர் நீங்கள்தான், அதற்காக இன்றும் உங்கள்மேல் மரியாதை. இதே வராந்தாவில் பெட்டியைத் திறந்து அந்த ரெக்கார்டைப் போட்டீர்கள். கரகரவென்று இரைச்சல், அதற்குள்ளிருந்து அவன் குரல், அப்புறம் என் கை. முப்பத்தைந்து வருஷத்துக்குப் பிறகு என் கையை நானே கேட்டேன். நீங்கள் ஊசியைத் தூக்கித் தூக்கி அந்த இடத்திலேயே வைத்தீர்கள். உலகத்தில் இன்னொருவரால் இப்படி வாசிக்க முடியாது, அவர் எங்கே இருக்கிறார் என்றீர்கள். அது நான்தான் என்றேன். நினைவிருக்கிறதா? நீங்கள் என் கையைப் பார்த்தீர்கள். விரல் இல்லாத இடத்தைப் பார்த்தீர்கள். பிறகு மிகவும் அன்பாகச் சிரித்துவிட்டு, "அவர் உயிரோட இருக்காரா, மிஸ்டர் டில்மன்?" என்று கேட்டீர்கள்.

நீங்கள் சிரிக்காமல் பொய் என்று திட்டியிருந்தால் நான் பக்கத்து வீட்டைக் காட்டியிருப்பேன் என்று நினைக்கிறேன். செத்துப்போய்விட்டான் என்றேன். இந்த வருஷ வசந்தத்தில் என்றேன். நீங்கள் அந்தப் படியில் உட்கார்ந்து அழுதீர்கள். எனக்காக யாராவது அப்படி அழுவார்களா என்றுதான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கல்லறையைப் பார்க்க வேண்டும் என்றீர்கள். காலையில் வாருங்கள் என்று அனுப்பினேன். எங்கள் ஜனங்கள் செத்தவர் கடைசியாகக் குடித்த கோப்பையை உடைத்துக் குழிமேல் வைப்பார்கள், அது இல்லாத குழியைக் காட்டினால் எங்கள் வழக்கம் தெரிந்த நீங்கள் நம்ப மாட்டீர்கள். அன்று சாப்பாடு கொடுக்கப் போனபோது வர்ஜிலின் நீல விளிம்புக் கோப்பையை எடுத்துவந்தேன். சபைக்குப் பின்னால் பெயர் தெரியாத பழைய மேடு ஒன்று இருந்தது. அதன்மேல் உடைத்து வைத்தேன். நீங்கள் படம் எடுத்துக்கொண்டீர்கள். கல்லோடும் மெஷினோடும் இலையுதிர் காலத்தில் வருகிறேன் என்று கைகொடுத்துவிட்டுப் போனீர்கள்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் வர்ஜில் கோப்பையைத் தேட ஆரம்பித்தான். மேஜையெல்லாம் தடவுவான். "டேய் ஹோசி, என் கப்பு எங்கடா? எவனோ தூக்கிட்டுப் போயிட்டான்டா" என்று சின்னப் பிள்ளைபோல் கேட்பான். ஜாம் பாட்டிலில் காப்பி ஊற்றிக் கொடுத்தேன். பாவமாகத்தான் இருந்தது. பிறகு யாரோ அவன் காதில் போட்டுவிட்டார்கள், வடக்கேயிருந்து ஒரு பையன் வந்து டீக்கன் வீட்டில் உன் பாட்டைப் போட்டான் என்று. அன்று சாயங்காலம் நான் போனபோது சட்டை மாற்றி, தலை வாரி உட்கார்ந்திருந்தான்.

"அந்தப் பையன் மறுபடி வந்தா என்னைக் கூட்டிட்டுப் போடா. ஒரு கிட்டார் கெடச்சா போதும். நடுவுல கம்பி பேசும்ல, அதை அப்படியே வாசிச்சுக் காட்டறேன்."

"அது யாரு வாசிச்சது, வர்ஜில்?" என்று கேட்டேன்.

"ஏன்டா, எம்பேரைச் சொல்லித்தானே கூப்பிடறேன் அதுல? நாந்தான்."

அவன் பொய் சொல்லவில்லை, மிஸ்டர் டேனியல். அதுதான் விஷயம். அவன் அந்த ரெக்கார்டைக் கேட்டுக் கேட்டு நம்பிவிட்டான். அந்த அறையில் நடந்தது தெரிந்தவர்கள், கம்பெனிக்காரர்களை விட்டால், உலகத்தில் இரண்டே பேர், அதில் ஒருவன் அதை மறந்தே போய்விட்டான். மிச்சம் நான். எனக்கு அவன்மேல் பொறாமை என்று நீங்கள் நினைக்கலாம். இல்லை. கண் தெரியாத, கோப்பைகூட இல்லாத ஒரு மனிதன்மேல் எதற்குப் பொறாமை.

ஓடைப் பாலம் நீங்கள் பார்த்ததுதான். வெள்ளத்துக்குப் பிறகு நடுவில் பலகை இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் அந்த இடம் வந்ததும் 'நீட்டி வை' என்பேன், அவன் காலை நீட்டி வைப்பான். அந்த ஞாயிறு அவன் என் தோளைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் வந்ததும் என்னென்ன பாடப்போகிறான் என்று சொல்லிக்கொண்டே வந்தான். நான் காலை நீட்டி வைத்தேன். எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது பொய்யில் சேராது. மெம்ஃபிஸில் அவனும் ஒரு பெயரைச் சொல்லாமல்தான் விட்டான்.

தோளிலிருந்து கை போனது தெரிந்தது. ஆகவே கல்லை அந்த மேட்டில் ஊன்றாதீர்கள், அதற்கு அடுத்த புதுக் குழிதான் அவனுடையது. ஜாம் பாட்டிலை அதன்மேல் வைத்திருக்கிறார்கள். கடைசி வரியை மட்டும் தேய்த்து எடுத்துவிடுங்கள். ஷெரிப்பிடம் போவதென்றால் போங்கள், கதவு திறந்துதான் இருக்கும்.

இன்னும் ஒன்று, அதற்குத்தான் மெஷினை ஓடவிடச் சொன்னேன். ஓடை அன்று நிறைந்து ஓடிற்று. அவன் தூணைப் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டான். "ஹோசியா" என்று முழுப் பெயரையும் சொன்னான், அந்தப் பழைய குரலில், கொஞ்சமும் கரகரப்பு இல்லாமல். தட்டின் ஒரு பக்கம் ஓடுகிற நேரம், மூன்று நிமிஷம், கூப்பிட்டிருப்பான். நான் பாலத்தில் நின்று முடிகிறவரை கேட்டேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எங்களில் யாரும் வாயால் பதில் சொல்வதில்லை, கம்பியால்தான் சொல்ல வேண்டும். என் கையில் அன்று கிட்டார் இல்லை.