பொறு, இன்னும் ரெண்டு இருக்கு

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் பள்ளத்தாக்குச் சங்கத் தலைவர் லுத்சி அவர்களே, சற்று முன் முப்பதாம் நாள் பூசை பாதியில், வியர்த்து விறுவிறுத்துக் கடைசி வரிசையில் வந்து விழுந்த என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல் ஜெபத்தைத் தொடர்ந்த பங்குத்தந்தை அவர்களே, ஐந்து ஊர்களிலிருந்தும் வந்து இந்தப் பிளாத்தா மண்டபத்தை நிறைத்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அடுப்பில் சூப் கொதிப்பதால் உள்ளே வர முடியாமல் கதவோரம் கரண்டியோடு நிற்கும் பர்லா அக்கா அவர்களே! உங்கள் அனைவருக்கும் துர்னான் கியேரியின் வணக்கம்.

என்னை உங்களுக்குத் தெரியும். முப்பத்தொரு வருஷம் இந்தப் பள்ளத்தாக்கின் மஞ்சள் தபால் பேருந்தை ஓட்டியவன். துர்னானிலிருந்து கீழ்வாசல் வரை ஐந்து ஊர், நாற்பது நிமிஷம். அதே ஐந்து ஊர்களை ஆறு நாளில் கடந்தவர், இன்று நாம் நினைவுகூரும் வழிகாட்டி மெங்கியா டெஃப்ளோரின் அம்மையார். முப்பத்தெட்டுக் கோடைகள், ஒவ்வொரு கோடையிலும் பத்துப் பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு, ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் பழைய வைக்கோல் பாதையில் நடந்தே கடந்தார். அவரைப் புகழ இங்கே எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவரைக் கேலி செய்தவன் பேச வேண்டாமா? அதற்குத்தான் நான் எழுந்திருக்கிறேன்.

ஆமாம், கேலிதான் செய்தேன்! பாலத்தருகே அவர் கூட்டத்தோடு நிற்பதைப் பார்த்தால் வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்குவேன்.

"மெங்கியா, ஏறிக்கோ. நாப்பது நிமிஷத்துல கீழ கொண்டுபோய் விட்டுர்றேன். இந்தப் பாவங்க காலாவது பொழைக்கட்டும்."

"நாப்பது நிமிஷத்துல உனக்கு என்ன தெரியும் கியேரி? முன்னாடி போற மாட்டோட பின்பக்கம்தான தெரியும்? அத இவங்க அவங்க ஊர்லயே பாத்துக்குவாங்க."

பேருந்தே சிரிக்கும். சிரித்து முடித்ததும் அவர் என்னிடம் ஒன்று சொல்வார், வருஷம் தவறாமல் சொல்வார்: "ஒரே ஒரு நாள் எங்கூட நடந்து பாரேன்பா." நானும் வருஷம் தவறாமல் பதில் சொல்வேன்: "அடுத்த வருஷம்." முப்பத்தொரு அடுத்த வருஷங்கள்! ஓய்வு பெற்ற பிறகு இன்னும் ஆறு! எந்த வருஷம் போனேன்? நீங்களே சொல்லுங்கள்.

அவரோடு நடந்தவர்கள் அவரைப் பற்றிச் சொன்னதெல்லாம் எனக்கு அப்போது வேடிக்கையாக இருந்தது. மலையின் பெயரைக் கேட்டால் சொல்ல மாட்டாராம். "பேரு தெரிஞ்சா பாக்குறத நிறுத்திருவீங்க" என்பாராம். அடுத்து என்ன பார்க்கப் போகிறோம் என்று யாராவது அவசரப்பட்டால், "இதையே இன்னும் கொஞ்சம் பாப்போம்" என்பாராம். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். அவர் பதறியது ஒரே ஒருமுறைதான். அதைச் சொல்கிறேன்.

நம் பள்ளத்தாக்கில் தலையை எண்ணுவதில்லை. தலையை எண்ணுவது பனிச்சரிவு வந்துபோன பிறகுதான். உயிரோடு நிற்பவர்களை எண்ணினால் ஆகாது என்பது நம் எல்லோருக்கும் தாய்ப்பாலோடு வந்த பயம். அதனால் என்ன செய்கிறோம்? ஆளுக்கொன்றாய் வாசலில் சாய்த்து வைத்த நடைக்கோலை எண்ணுகிறோம். பர்லா அக்கா இந்த ஊரில் இருக்கும் தன் விடுதி வாசலை எட்டிப் பார்ப்பார், கோலை எண்ணுவார், அத்தனை கிண்ணம் எடுத்து வைப்பார். ஐம்பது வருஷமாக ஒரு கிண்ணம் கூடியதில்லை, குறைந்ததில்லை. அந்த மூடுபனி நாள் மட்டும் கணக்கு பொய்த்தது.

இருபது வருஷம் இருக்கும். மெங்கியா துர்னானிலிருந்து கூட்டத்தோடு இறங்கி மதியம் மூன்றரைக்குப் பிளாத்தா வந்தார். வாசலில் பதினொரு கோல். மேஜையில் பதினொரு கிண்ணம். உட்கார்ந்தவர்களோ பத்துப் பேர்! வேறு ஊராக இருந்தால் உடனே தேடியிருப்பார்கள். நாமோ கோலை நம்பினோம். "கோல் பதினொண்ணு இருக்குல்ல? அப்ப ஆளும் இருக்கார். கழிப்பறைக்குப் போயிருப்பார், சூப்பு ஆறுது, சாப்பிடுங்க" என்றார் அக்கா. அரை மணி நேரம் வாற்கோதுமை சூப்பு குடித்தார்கள், காணாமல் போன மனிதரைத் தேடாமல்! பிறகுதான் ஒரு அம்மா மெல்லச் சொன்னார், ஷூ கயிறு கட்ட வேண்டும் என்று அவர் கொடுத்த கோலைத் தானே தூக்கி வந்து சாய்த்துவிட்டதாக. மெங்கியாவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்ததாம். எழுந்து, தன் கோலை எடுத்துக்கொண்டு, வெள்ளைச் சுவராய் நின்ற மூடுபனிக்குள் நுழைந்துவிட்டார்.

நான் அந்த நேரம் நாலரை வண்டியை மேலிருந்து இறக்கிக்கொண்டிருந்தேன். கை நீட்டினால் கை தெரியாத பனி. ஆட்டுத்தலை வளைவில் நம் மூன்று சுர ஹார்னை வழக்கத்தைவிட நீளமாக அடித்துவிட்டு, அடுத்த நொடியே வரும் சுரங்கப்பாதைக்குள் நுழைந்தேன். பிளாத்தா வந்தால் விடுதி வாசலில் ஆண்கள் கயிறும் விளக்குமாக நிற்கிறார்கள். தேடக் கிளம்பும் சமயம், பனிக்குள்ளிருந்து இரண்டு பேர் ஆற அமர நடந்து வருகிறார்கள். மெங்கியா. அவர் பின்னால் எமில் ஷ்டால்டர் என்ற அந்த விருந்தினர். ரயில் நிலையக் கடிகாரங்களைப் பழுது பார்ப்பவர். இருவர் முகத்திலும் சிரிப்பு!

எனக்கு ரத்தம் கொதித்தது. "மெதுவா நடக்கறேன் மெதுவா நடக்கறேன்னு ஒருநாள் ஆளையே தொலைக்கப் போற! இவ்வளவு நேரம் என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"உன் ஹார்ன கேட்டுட்டிருந்தோம் கியேரி."

என்னைக் கிண்டல் செய்வதாக நினைத்தேன். ஊரே பதறி நிற்கும்போது கிண்டலா? அந்தக் குளிர்காலம் முழுவதும் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் அன்று அவர் எல்லோர் முன்னிலும் தலைகுனிந்து சொன்னதை நான் மறக்கவில்லை. "தப்பு என்னோடது. மெதுவா நடக்குறவர கடைசில விட்டேன். இனிமே அவங்கதான் முன்னால." அன்றிலிருந்து அவர் கூட்டத்தில் யார் கால் மெதுவோ அவர்தான் முன்னே. வேகக்காரர்கள் எல்லாம் பின்னே. பதினெட்டு வயதுக்காரர்கள் எழுபது வயதுக்காரர் முதுகைப் பார்த்துக்கொண்டு ஆறு நாள் நடந்தார்கள். இப்படி ஒரு சட்டத்தை எந்த அரசாங்கம் போட்டிருக்கிறது!

ஆறு வருஷம் முன்பு, என் கடைசி ஓட்டத்தன்று, நீங்கள் எல்லாம் வண்டிக்கு மாலை போட்டீர்கள். மெங்கியா மட்டும் ஒரு உறையை நீட்டினார். "உனக்கு வரவேண்டிய கடுதாசி. தப்பா என் பேருக்கு வந்திருக்கு. வீட்டுக்குப் போய்ப் படி." சீருடைக் கோட்டின் உள்பையில் செருகினேன். அன்று மாலை ஊற்றிக் கொடுத்தவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள், பெயர் சொல்ல மாட்டேன். கோட்டைக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் மாட்டினேன். மறந்தே போனேன். அவரும் படித்தாயா என்று ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்! ஏன் கேட்கவில்லை மெங்கியா?

முப்பது நாளுக்கு முன், அவரை அடக்கம் செய்த அன்று, மரியாதைக்காக அந்தக் கோட்டை மறுபடி அணிந்தேன். அவருடைய கோலை அவர் பக்கத்திலேயே வைத்துப் பெட்டியை மூடினார்கள். கைக்குட்டை தேடி உள்பைக்குள் கை விட்டேன். கையில் வந்தது அந்த உறை.

எழுதியிருந்தவர் கடிகாரக்காரர் எமிலின் மனைவி. கணவர் காலமானதைத் தெரிவித்திருந்தார். கடைசி மூன்று வாரம் அவருக்கு எல்லாம் மறந்துபோனதாம். தொழில் மறந்தது, தெரு மறந்தது, மனைவி பெயரும் மறந்தது. ஆனால் தினமும் மாலை நாலரை மணிக்கு, கடிகாரம் இல்லாத அறையில், தலையணையிலிருந்து தலையைத் தூக்கி ஒரு விரலை உயர்த்துவாராம். யாராவது பேசினால், "பொறு, இன்னும் ரெண்டு இருக்கு" என்பாராம். காத்திருந்து, எதையோ கேட்டு முடித்ததுபோல் முகம் மலர்ந்து, மறுபடி படுத்துக்கொள்வாராம். "அது என்னவென்று உங்களுக்குத் தெரியுமா, மெங்கியா அம்மா?" என்று கேட்டு முடிந்திருந்தது கடிதம்.

மெங்கியாவுக்குத் தெரியும். எனக்குத் தெரியவில்லை. அந்த ஹார்னை அடித்தவன் நான், எனக்குத் தெரியவில்லை! இதைவிட வெட்கம் ஒரு மனிதனுக்கு உண்டா?

பெரியோர்களே, இன்று காலை நான் வண்டியைத் தவறவிட்டுவிட்டேன் என்று பூசை முடிந்ததும் சிரித்தீர்களே, பேருந்துக்காரனே பேருந்தைத் தவறவிட்டான் என்று. தவறவிடவில்லை. ஆறரைக்கு வீட்டிலிருந்து நடந்தே கிளம்பினேன். வண்டியில் பதினோரு நிமிஷம். எனக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆனது, என் முழங்காலின் லட்சணம் அப்படி. பாலம் தாண்டி அக்கரைப் பாதையில் ஏறியதும் திரும்பிப் பார்த்தேன். எழுபத்திரண்டு வருஷம் வாழ்ந்த என் வீட்டின் பின்புறம் தெரிந்தது. இவ்வளவு சின்னதா என் வீடு! அதன் தலைக்கு மேல் இவ்வளவு பெரிய மலையா நின்றுகொண்டிருந்தது, இத்தனை நாளும்! கரையும் பனிக்கு அடியில் தண்ணீர் ஓடும் சத்தம், காலடியிலேயே, கூடவே வந்தது. லார்ச் மரங்களில் இப்போதுதான் பச்சை துளிர்த்திருக்கிறது. ஊசி முனை அளவு. வண்டியிலிருந்து அது தெரியாது. நான் சாலையைப் பார்த்தேன் ஐயா, முப்பத்தொரு வருஷமும் சாலையைத்தான் பார்த்தேன்.

ஆட்டுத்தலை வளைவுக்கு நேர் எதிரே ஒரு வைக்கோல் கொட்டில். முழங்கால் கெஞ்சியது, அதன் படியில் உட்கார்ந்தேன். ஒன்பது பத்து. அக்கரையில் மஞ்சள் புள்ளி ஒன்று இறங்கி வந்தது, நம் செரைனா ஓட்டும் வண்டி. வளைவில் ஹார்ன் அடித்தாள். மூன்று சுரம். வண்டி சுரங்கத்துக்குள் மறைந்தது.

எதிரே இருந்த கரும்பாறை அதைத் திருப்பிச் சொன்னது. தெள்ளத்தெளிவாக, மூன்று சுரமும். என் கை தானாக உயர்ந்தது. பொறு, இன்னும் ரெண்டு இருக்கு. பக்கத்துப் பிளவுக்குள்ளிருந்து இரண்டாவது வந்தது, அடிக்குரலில், யாரோ பெரியவர் யோசித்துச் சொல்வதுபோல. அப்புறம் ஒன்றுமில்லை. காத்திருந்தேன். ஒன்றுமில்லை. கடிகாரக்காரர் தப்பாக எண்ணிவிட்டார் என்று எழப் போனேன். அப்போது வந்தது மூன்றாவது. மேலே, பனியாற்றுப் பக்கமிருந்து, மிக மெல்லியதாக, சுரம் மூன்றும் ஒன்றாகக் கலந்து. அது இந்த வண்டியின் சத்தம் என்று யார் சொன்னாலும் நம்ப முடியாது. தொப்பியைக் கழற்றிவிட்டேன். என்னையறியாமல் கழற்றினேன்.

எண்ணிப் பாருங்கள்! ஒரு நாளைக்கு எட்டு முறை, முப்பத்தொரு வருஷம், நான் அடித்ததற்கெல்லாம் இந்த மலை பதில் சொல்லியிருக்கிறது. நான் சுரங்கத்துக்குள் போய்விட்டேன். அந்தப் பதிலை எனக்குப் பதிலாக நின்று கேட்டவர் மெங்கியா டெஃப்ளோரின். கேட்டதோடு விட்டாரா? உலகத்தின் எங்கெங்கோ இருந்து வந்தவர்களைப் படியில் உட்கார வைத்துக் கேட்க வைத்தார். என் சத்தத்தை ஒரு மனிதர் சாகும்வரை காதில் வைத்திருந்தார். நான் வெறும் வண்டி ஓட்டியதாக நினைத்துக்கொண்டிருந்தேன்!

லுத்சி அவர்களே, உங்கள் பையில் பதினொரு கடிதங்கள் இருப்பது எனக்குத் தெரியும். ஜூன் பதினான்குக்குப் பெயர் கொடுத்திருக்கும் பதினொரு பேருக்கு, வழிகாட்டி காலமானார், இனி இந்த நடை கிடையாது என்று எழுதியிருக்கிறீர்கள். கூட்டம் முடிந்ததும் தபாலில் போடப் போகிறீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. அவர் பாதையை எங்கும் எழுதி வைக்கவில்லை, அடையாளமும் தீட்டவில்லை. "வழி யாருக்குத் தெரியும் கியேரி?" என்று நேற்று என்னிடம் கேட்டீர்கள். இதோ உட்கார்ந்திருக்கிறார்களே, இவர்களுக்குத் தெரியாதா? அவரவர் ஊரிலிருந்து அடுத்த ஊர் வரை வைக்கோல் சுமந்தவர்கள்தானே எல்லோரும்? வழி உங்களிடம் இருக்கிறது. என்னிடம் இருப்பது மெதுவான கால். முன்னே நடக்க அதுதானே தகுதி? அது மெங்கியா போட்ட சட்டம்.

பர்லா அக்கா, இன்று காலை வாசலில் கோலை எண்ணி அறுபத்து நாலு கிண்ணம் வைத்தீர்கள். பூசை முடிந்து, ஒவ்வொரு கோலுக்கும் ஆள் பெயர் சொல்லிப் பார்த்து, அறுபத்து மூணு கோலுக்குத்தான் ஆள் தெரிகிறது, ஒன்று அதிகம் என்றீர்கள். "மெங்கியா கோல யாராவது திரும்பக் கொண்டாந்து வச்சுட்டாங்களாப்பா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதீர்கள். என்னைப் பேருந்துக்காரனாகவே பார்த்த கண், நான் கோலூன்றி நடந்து வந்திருப்பேன் என்று உங்களுக்கு எப்படித் தோன்றும்? கணக்கு தப்பவில்லை அக்கா. கதவுக்குப் பக்கத்தில், பட்டை சரியாகச் சீவாமல் ஒன்று சாய்ந்திருக்கிறதே, அது என்னுடையது. அந்தக் கிண்ணத்தை எடுத்துவிடாதீர்கள், நான் நன்றாகப் பசித்து வந்திருக்கிறேன்.

லுத்சி அவர்களே, அந்தக் கடிதங்களைக் கிழித்துப் போடுங்கள். ஜூன் பதினான்கு காலை, துர்னான் கோவில் வாசலில் பன்னிரண்டு கோல் இருக்கும். நான் முன்னே நிற்பேன்.

செரைனா, உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன் தாயி. அன்றைக்கு நாலரை வண்டியில், ஆட்டுத்தலை வளைவில், கொஞ்சம் நீளமாக அடி. அதோடு, சுரங்கத்துக்குள் போவதற்கு முன்னால் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிடு. பயணிகள் யாராவது என்ன ஆச்சு என்று கேட்டால், ஒரு விரலை உயர்த்திக் காட்டு.

நாங்கள் அக்கரையில் உட்கார்ந்திருப்போம்.