செருப்பு உள்ளே வரட்டும்

மேடையில் அமர்ந்திருக்கும் இயக்குநர் ஐயா அவர்களே, உடன் பணிபுரியும் மருத்துவர்களே, செவிலியர்களே, முன்வரிசையில் இருக்கும் டாக்டரின் துணைவியார் அவர்களே, அவர் மகளே, மருமகனே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் நம் நோயாளிகளே! எல்லோருக்கும் என் வணக்கம். நிற்பவர்களுக்கு மட்டும் இன்னொரு வார்த்தை. தயவுசெய்து தரையிலாவது உட்காருங்கள். உங்களில் பாதிப் பேருக்குப் பாதத்தில் புண். புண்ணோடு நின்று அஞ்சலி செலுத்துவதை நம் டாக்டர் பார்த்திருந்தால் இந்தக் கூட்டத்தையே கலைத்திருப்பார்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும் நன்றாகப் பேசினார்கள். அதுதான் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. ஒருவர் அவரைக் கைராசிக்காரர் என்றார். ஒருவர் தெய்வம் என்றார். நான் இந்த மருத்துவமனையில் மயக்க மருந்து கொடுப்பவள். அவர் கத்தியோடு நின்ற மேசையின் இந்தப் பக்கம், நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்தே என் தலை நரைத்தது. என்னை அவர் ‘தாலாட்டு’ என்றுதான் கூப்பிடுவார். அந்த உரிமையில் சொல்கிறேன், கைராசி என்ற சொல் அவருக்கு ஆகவே ஆகாது. “என் கையில ஒண்ணும் இல்ல. உங்க கால் உங்க கையிலதான் இருக்கு” என்பார். அதை நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போனவர்கள்தான் அதிகம். தெய்வம் என்று சொல்லிவிடுவதில் ஒரு வசதி இருக்கிறது. கும்பிட்டுவிட்டுப் போனால் போதும், சொன்னதைக் கேட்க வேண்டியதில்லை.

நம் தலைமை அறுவை மருத்துவருக்கு நோயாளிகள் வைத்த பெயர் ‘கால் டாக்டர்’. அதில் அவருக்குப் பெருமைதான். “ஆயிரம் பேரைக் கொன்னவன் அரை வைத்தியன்னு சொல்வாங்க. நான் அந்த அளவுக்குப் போகல, கால் வைத்தியன்தான்” என்று அவரே சொல்லிச் சிரிப்பார். ஆனால் ஒவ்வொரு முறை ஒரு காலை எடுத்த பிறகும் அந்தச் சிரிப்பு அவரிடம் சில நாட்கள் இருக்காது. எடுத்த கால்களில் பெரும்பாலானவை முன்பே கவனித்திருந்தால் எடுக்க வேண்டியிராத கால்கள். சர்க்கரை நோய் முற்றினால் பாதம் மரத்துப் போகும். கல் குத்தினாலும் தெரியாது, தீ சுட்டாலும் தெரியாது. வலித்தால்தானே மனிதன் குனிந்து பார்ப்பான்? வலிக்காத காலை யார் பார்க்கிறார்கள்? புண் வந்து, சீழ் பிடித்து, வீட்டில் மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்ளும்போதுதான் இங்கே வருகிறார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் நம் வெல்டர். எங்கே இருக்கிறீர்கள்? ஆமாம், கையைத் தூக்குங்கள். பெருவிரலுக்குக் கீழே புண். நாங்கள் சுத்தம் செய்து கட்டுப் போட்டு அனுப்புவோம், கொஞ்ச நாளில் அதே இடத்தில் அதே புண்ணோடு வந்து நிற்பார். மருந்தை மாற்றினோம், கட்டை மாற்றினோம், புண் மட்டும் மாறவில்லை. அப்போது பாத சிகிச்சைப் பிரிவின் வாசலில் ஒரு பலகை தொங்கும். ‘செருப்பை வெளியே விடவும்.’ தரை பளபளவென்று இருக்க வேண்டும் அல்லவா! ஒரு நாள் டாக்டர் வீட்டுக்குக் கிளம்பும்போது இவர் வாசலில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். டாக்டர் அதைப் பிடுங்கி உள்ளே கையை விட்டார். ஷூவின் அடியைத் துளைத்துக்கொண்டு ஒரு திருகாணியின் முனை நீட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் எல்லோரும் உள்ளே உட்கார்ந்து காலையே பார்த்துக்கொண்டிருந்தோம். குற்றவாளி வாசலில் இருந்தான்.

மறுநாள் அந்தப் பலகையை டாக்டர் தன் கையாலேயே கழற்றினார். துப்புரவு மேற்பார்வையாளர் சண்டைக்கு வந்தார். சேறும் மண்ணும் உள்ளே வந்தால் கிருமி வராதா, மேலிடத்தில் நான் என்ன பதில் சொல்வது என்று கத்தினார். டாக்டர் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அமைதியாகச் சொன்னார்: “செருப்பு உள்ள வரணும். வேணும்னா மனுஷன் வெளிய நிக்கட்டும்.”

அதோடு பிரச்சினை தீர்ந்ததா? எங்கே தீர்ந்தது! டாக்டர் செருப்பைப் பார்க்கிறாராம் என்று செய்தி பரவியதும், நம் மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? மருத்துவமனைக்கு வருவதற்கென்றே புதுச் செருப்பு வாங்கினார்கள். தேய்ந்ததையும் பிய்ந்ததையும் வீட்டில் விட்டுவிட்டு, பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளை மாதிரி பளபளப்பாக வந்து காலை நீட்டினார்கள். சிரிக்காதீர்கள், சிரிக்கிறவர்களில் மூன்று பேரை எனக்கு அடையாளம் தெரியும். டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். தினமும் வேலைக்குப் போட்டுக்கொண்டு போகும் செருப்பைக் கொண்டு வாருங்கள் என்று கெஞ்ச வேண்டியிருந்தது. கடைசியில் அது அவருக்குப் பழக்கமாகவே ஆகிவிட்டது. இந்த மருமகன் முதல் முறை வீட்டுக்கு வந்தபோது, மாமனார் கையைக் குலுக்குவதற்கு முன்னால் ஷூவுக்குள் கையை விட்டாராம். மகள் தலையாட்டுகிறார், பொய் இல்லை.

இனி நான் சொல்லப்போவது சிரிக்கிற விஷயம் அல்ல. நம் ரொட்டிக்கடை அம்மா இங்கே இருக்கிறார். அவர் அனுமதியோடு சொல்கிறேன். அவருக்கு விரலிடுக்கில் புண் வந்தபோது டாக்டர், “காலை ஈரமில்லாம வெச்சுக்கங்க” என்றார். அம்மா தலையாட்டினார். புரிந்ததா என்று டாக்டர் கேட்டார். புரிந்தது என்று அதற்கும் தலையாட்டினார். சில வாரங்களில் இரண்டு விரல்கள் கருகிய நிலையில் வந்தார். முழு மயக்கத்தை அவர் இதயம் தாங்காது என்பதால், இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப் போகும் ஊசியைப் போட்டேன். ஆள் விழித்திருந்தார். டாக்டருக்குத் தாங்கவில்லை. வெட்டிக்கொண்டே, காலை ஏன் நெருப்புப் பக்கம் கொண்டு போனீர்கள் என்று கோபித்துக்கொண்டார். திரைக்கு இந்தப் பக்கம் என் அருகில் படுத்திருந்த அம்மா, பள்ளிப் பிள்ளை மாதிரி பதில் சொன்னார்.

“நீங்கதானே டாக்டர் ஈரமில்லாம வெச்சுக்கச் சொன்னீங்க. துணியால துடைச்சா இடுக்குல ஈரம் நிக்குது. அதான் தினமும் கடை அடைச்சப்புறம் அடுப்பு வாசல்ல காலை நீட்டி வெச்சுக்குவேன். சுடவே இல்ல டாக்டர்.”

டாக்டரின் கை நின்றது. பிறகு வேலையை முடித்தார். கை கழுவும் தொட்டியில் தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க, என்னிடம் சொன்னார்: “தாலாட்டு, அந்தம்மா நான் சொன்னதைச் செஞ்சாங்க. நான்தான் பாதியைச் சொல்லி அனுப்பியிருக்கேன்.”

யோசித்துப் பாருங்கள். அந்த அம்மா சொன்ன பேச்சைக் கேட்காதவரா? இல்லை. அறிவில்லாதவரா? இல்லை. நாள் தவறாமல், அலுப்பு பார்க்காமல், சொன்னதைச் சொன்னபடி செய்தவர். ஏன் ஈரம் கூடாது, ஏன் சூடு தெரியாது என்று யாராவது உட்கார்ந்து விளக்கியிருந்தால் அந்த விரல்கள் இன்றும் இருந்திருக்கும். மருந்துச் சீட்டில் எழுத முடியாத மருந்து அது. அதற்கு நம்மிடம் நேரம் இல்லை. வெட்டுவதற்கு மட்டும் நேரம் இருக்கிறது!

அன்றிலிருந்து டாக்டரின் பிரிவில் ‘புரிந்ததா’ என்று யாரும் நோயாளியைக் கேட்கக் கூடாது. மேசைக்கு அந்தப் பக்கம் வெள்ளைக் கோட்டு, முதுகுக்குப் பின்னால் நீண்ட வரிசை, அப்படி உட்கார்ந்திருப்பவர் ‘புரியவில்லை’ என்று எப்படிச் சொல்வார்? அதற்குப் பதிலாக, “வீட்டுக்குப் போனதும் வீட்டுல என்ன சொல்லப் போறீங்க? அதை இப்ப எனக்குச் சொல்லுங்க” என்று கேட்பார். அரை மணி நேரம் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசிய பிறகு ஒருவர் சொன்ன பதில், “பயப்பட ஒண்ணும் இல்லன்னு சொல்வேன் டாக்டர்.” அவ்வளவுதான் அவர் காதில் ஏறியிருந்தது. டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். வெளியே வரிசை முணுமுணுத்தது. எனக்கும் அறுவை அறையில் காத்திருந்து காத்திருந்து பொறுமை போகும். இந்த மனிதர் விழலுக்கு நீர் இறைக்கிறாரே என்று பல நாள் சலித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் புதன்கிழமை வகுப்பு அப்படித்தான் பிறந்தது. மாடிப்படிக்குப் பக்கத்து அறையில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, எல்லோரும் வெறுங்காலோடு உட்கார்ந்து, தரையில் கண்ணாடியை வைத்து அவரவர் உள்ளங்காலை அவரவர் பார்ப்பார்கள். வெந்நீரைக் காலால் தொடாதே, முழங்கையால் தொட்டுப் பார் என்பார் டாக்டர். செருப்புக்குள் முதலில் கை போகட்டும், பிறகு கால் போகட்டும் என்பார். ரொட்டிக்கடை அம்மா விரல் இல்லாத தன் பாதத்தை நடுவில் நீட்டி, அடுப்புக் கதையைத் தன் வாயாலேயே சொல்வார். அந்தக் கதையைக் கேட்ட யாரும் காலை நெருப்புப் பக்கம் நீட்டி நான் பார்த்ததில்லை. வகுப்பு நடக்க நடக்க என் வேலை குறைந்தது. மயக்க மருந்துக்காரிக்கு வேலை குறைந்தால், ஊரில் கால்கள் பிழைக்கின்றன என்று அர்த்தம்.

போன வாரம் அவர் தூக்கத்திலேயே போய்விட்டார். எனக்குத் துக்கம் கோபமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தப் புதன்கிழமை வகுப்புக்கு வந்தவர்கள் என்ன பார்த்தார்கள்? கதவில் பூட்டு. பூட்டுக்கு மேல் ஒரு தாள். டாக்டரின் மறைவை ஒட்டி வகுப்பு தற்காலிகமாக நிறுத்தப்படுகிறது என்று அதில் எழுதியிருந்தது. நாற்காலிகளை எல்லாம் இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தூக்கி வந்துவிட்டார்கள். இப்போது நீங்கள் உட்கார்ந்திருப்பவை அவைதான். படியில் என்னைப் பார்த்த ரொட்டிக்கடை அம்மா வழியை மறித்துக் கேட்டார்.

“அவரு போயிட்டாரு, சரி. எங்க காலு இன்னும் இருக்கே டாக்டரம்மா?”

இயக்குநர் ஐயா, இந்தக் கேள்வியை அப்படியே உங்களிடம் கொண்டு வந்திருக்கிறேன். பதில் இருக்கிறதா? சற்று முன் நீங்கள் இரண்டு அறிவிப்புகள் செய்தீர்கள். முதலாவது, வகுப்பு நடந்த அறை இனிமேல் பொருட்கள் அடுக்கும் கிடங்கு ஆகும் என்றீர்கள். வகுப்பு எடுக்க ஆள் இல்லை, காத்திருப்புக் கூடத்தில் டிவியில் பாதப் பராமரிப்பு பற்றிய படம் ஓடுகிறதே, அது போதும் என்றீர்கள். ஓடுகிறது ஐயா. சத்தம் இல்லாமல் ஓடுகிறது. சத்தம் வைத்தால் டோக்கன் எண் கேட்காது என்று வைத்த அன்றே அணைத்துவிட்டார்கள். அச்சடித்த கையேடு ஒன்றும் இருக்கிறது, மருந்தகத்தில் ஆடுகிற மேசைக் காலுக்கு அதை மடித்துக் கொடுத்திருக்கிறார்கள். இந்த மருத்துவமனையில் அதனால் பயனடைந்த ஒரே கால் அதுதான்.

உங்கள் இரண்டாவது அறிவிப்பு, புதிய அறுவை அரங்குக்கு அவர் பெயர் சூட்டுவது. எல்லோரும் கை தட்டினார்கள். வெட்டாமல் இருப்பதற்காக உயிரைக் கொடுத்து உழைத்த மனிதரின் பெயரை, வெட்டுகிற அறையின் வாசலில் எழுதப் போகிறோம்! இதற்குத்தானா கை தட்டினோம்? ஐயா, வேண்டாம். அரங்குக்குப் பெயர் வேண்டுமென்றால் என் பெயரை வையுங்கள், நான் அங்கேதான் கிடக்கிறேன். அவர் பெயருக்கு மாடிப்படிப் பக்கத்து அறைக் கதவு போதும்.

ஆள் இல்லை என்றீர்களே, இருக்கிறோம். வருகிற புதன்கிழமை வகுப்பு உண்டு. விழித்திருக்கும் நோயாளியிடம் ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசிப் பழகாதவள் நான். எனக்குப் பொறுமை இல்லை என்பது இந்தக் கட்டடத்துக்கே தெரியும். ஆகவே பாடத்தை ரொட்டிக்கடை அம்மா நடத்துவார், மருந்து பற்றிய கேள்விகளுக்கு மட்டும் நான் வாய் திறப்பேன். செருப்புகளை வெல்டர் பார்ப்பார். அறை பூட்டியிருந்தால் வராந்தாவில் உட்காருவோம். வராந்தாவும் கூடாது என்றால் உங்கள் அறை வாசலில் உட்காருவோம், வெறுங்காலோடு. அவர் பாதியில் விட்டுப் போனதை நாங்கள் பாதியில் விடமாட்டோம். இது இறந்தவர் படத்துக்கு முன்னால் சொல்லிவிட்டு மறக்கிற வாக்குறுதி அல்ல, கேட்டவர்கள் எல்லோரும் சாட்சி.

அடுத்து, இரண்டு நிமிட மௌன அஞ்சலி. வழக்கம்போல் எழுந்து நிற்க வேண்டாம். நின்று அவருக்கு ஒன்றும் ஆகப் போவதில்லை. எல்லோரும் உட்காருங்கள், மேடையில் இருப்பவர்களும்தான். செருப்பைக் கழற்றுங்கள், ஷூவைக் கழற்றுங்கள். காலை மடித்து உள்ளங்காலைப் பாருங்கள், விரலிடுக்கை விரித்துப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் காட்டுங்கள். வெட்கப்படாதீர்கள். வெட்கப்பட்டவர்களின் கால்களைத்தான் அவர் அதிகம் எடுத்தார்.

ஆரம்பிக்கலாம்.

இயக்குநர் ஐயா, சாக்ஸையும் கழற்றுங்கள்.