முட்டைக்கோசுக்கு எலும்பு கிடையாது

'டணார்' என்று வெளியே எதுவோ விழுந்தது. எதிரே உட்கார்ந்து என்னை விசாரித்துக்கொண்டிருந்த பெண் போலீஸ் அதிகாரி அல்வராடோ திடுக்கிட்டுத் திரும்பினார். நான் திரும்பவில்லை. அலுமினியத் தட்டு, விளிம்பில் ஒரு நெளிசல். கேட்டாலே தெரிந்துவிடும். ஆஸ்டினில் ஒரு வீடியோ கேம் கம்பெனிக்குச் சத்தங்கள் தயாரிப்பதுதான் என் வேலை.

எங்கள் புது விளையாட்டில் துப்பாக்கி, கோடாலி எல்லாம் உண்டு. ஆனால் சோதித்து ஆடியவர்கள் எதிரியின் மண்டையில் போட ஓடி ஓடித் தேடியது வாணலியைத்தான். அதன் சத்தத்துக்கு என் வீட்டு வார்ப்பிரும்பு வாணலியையே கொண்டுவந்தேன். வருடக்கணக்காகச் சோளரொட்டி சுட்டு, எண்ணெய் ஊறிக் கறுத்த வாணலி. சோப்பு பட்டால், ரொட்டி ஒட்டாமல் காக்கும் அந்தக் கறுப்பு போய்விடும். அதனால் துணியால் துடைப்பதோடு சரி.

எதன்மேல் அடிப்பது என்பதுதான் சிக்கல். முதலில் முட்டைக்கோஸ். இயக்குநர் வெண்டெல் ஹெட்ஃபோனைக் கழற்றினார்.

"மார்னி, இது சண்டையா, சாலட்டா? முட்டைக்கோசுக்கு எலும்பு கிடையாதும்மா."

தர்பூசணியை அடித்தேன்.

"பழக்கடையில திருடன் புகுந்த மாதிரி இருக்கு."

ஈரத் துண்டு சுற்றிய தேங்காய்க்குக் கொட்டாவி விட்டார். "வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன். நிஜ மண்டை மாதிரி கேக்கலேன்னா, வாணலியே விளையாட்டுல கிடையாது."

நான் கோபக்காரி அல்ல. வேலை சரியாக வரவேண்டும், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலை ஒலிப்பதிவு அறைக்குள் நுழைந்தேன். தண்ணீர்ச் சத்தம் எடுக்கும் தொட்டியருகே வெண்டெல் நின்றிருந்தார். என் வாணலியைச் சோப்பு நுரை பொங்கத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரே பிசுக்கு. அதான் பளிச்சுன்னு ஆக்கிட்டேன்" என்றார்.

வாணலியை வாங்கி ஈரம் போகத் துடைத்தேன். நிஜ மண்டை வேண்டும் என்று கேட்டவர், மண்டையோடு எதிரில் நின்றார். வேலைக்காக அடித்தேன்.

பதிவு அருமையாக வந்திருந்தது. ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். கட்டுப் போட்ட தலையோடு கேட்டுவிட்டு, "இதுதான்" என்று பதில் போட்டிருக்கிறார். வாணலி விளையாட்டில் இருக்கப்போகிறது. எல்லாம் அந்தச் சத்தத்துக்காகச் செய்ததுதான்.

அல்வராடோ பேனாவை மூடி வைத்தார்.

"டாக்டர் ரெண்டு வீக்கம்னு சொல்றாரு. உங்க பதிவுல ஒரு அடிதானே கேக்குது?"

"முதல் அடிக்கு மைக்கைப் போடவே இல்லை, மேடம்."